கார் ஓட்டாததால் சான்றிதழ் மறுக்கப்பட்ட மாணவர்!

கார் ஓட்டக் கற்கவில்லை. தேகப்பயிற்சி வகுப்புக்கு வரவில்லை. ஆகவே பள்ளிப் படிப்பு முடிந்ததாகச் சான்றிதழ் கொடுக்க முடியாது!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு மாணவரிடம் பள்ளிக்கூடம் இப்படிச் சொன்னது.

அந்த மாணவருக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு இயங்காது. ஒரு கையில் 2 விரல், காலில் சில விரல்கள், இவை மட்டுமே அசையும். இரவில் ஓர் இரும்பு எந்திரத்துக்குள் படுத்தால்தான் மூச்சு வரும். அவர் எப்படிக் கார் ஓட்டுவார்? எப்படித் தேகப்பயிற்சி செய்வார்?

அவர் பெயர் எட் ராபர்ட்ஸ். 1939ல் பிறந்தவர்.

பிழைத்தால் தொல்லை என்றார்கள்

1953ம் ஆண்டு. எட்டுக்கு வயது 14. பந்து விளையாட்டில் உயிராக இருந்த பையன். திடீரென்று காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம்! அதைத் தடுக்கும் ஊசி மருந்து மக்களுக்குக் கிடைத்தது 1955ல்தான். 2 ஆண்டு முந்திவிட்டது நோய்.

"பையன் பிழைத்தால் வெறும் காய்கறி போலத்தான் கிடப்பான். இறந்துவிட்டால் நல்லது" என்று டாக்டர் தாயாரிடம் சொன்னாராம்.

பிற்காலத்தில் எட் இதைச் சொல்லிச் சிரிப்பார். "காய்கறிதான் என்றால், நான் ஆர்ட்டிசோக்காக இருந்துவிட்டுப் போகிறேன்" என்பார். ஆர்ட்டிசோக் என்பது அந்த நாட்டுக் காய். நம் ஊர்ப் பலாவைப் போல மேலே முள், உள்ளே மெதுவானது.

பையனை இரும்பு நுரையீரலில் வைத்தார்கள். அது ஒரு பெரிய உருளை. தலை மட்டும் வெளியே இருக்கும். உள்ளே காற்றின் அழுத்தம் குறைந்தால் மார்பு விரியும். மூச்சு உள்ளே போகும். அழுத்தம் கூடினால் மூச்சு வெளியே வரும். இரவெல்லாம் எந்திரம் இப்படி ஓடிக்கொண்டிருக்கும்.

பகலில் சில மணி நேரம் வெளியே இருப்பதற்கு எட் ஒரு வித்தை கற்றுக்கொண்டார். தவளையைப் போல வாயால் காற்றை விழுங்கி விழுங்கி மூச்சு விடுவது! வீட்டில் படுத்தபடியே, டெலிபோன் மூலம் பள்ளிப் பாடத்தைக் கேட்டார்.

கடைசியில்தான் அந்தச் சான்றிதழ்த் தகராறு வந்தது. தாயார் ஸோனா விடவில்லை. பள்ளி நிர்வாகக் குழுவரை போனார். வாதாடினார். சான்றிதழ் வந்தது.

6 அடி 5 அங்குல ஆசிரியை

அடுத்தது கல்லூரி. வீட்டுக்குப் பக்கத்தில் சான் மாட்டியோ கல்லூரி இருந்தது. அது ஒரு சமுதாயக் கல்லூரி.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? உள்ளூர் மக்களுக்காக நடப்பது. சம்பளம் குறைவு. இடம் கிடைக்கப் பெரிய போட்டி இல்லை. 2 ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். ஒரு தொழில் கற்றுக்கொண்டு வேலைக்கும் போகலாம். ஏழைகள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், வேறு கதவுகள் சாத்தப்பட்டவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம்.

எட்டும் வந்தார். தாயார் காரில் கொண்டு வந்து விடுவார்.

அங்கே ஓர் ஆசிரியை இருந்தார். பெயர் ஜீன் வர்த். உயரம் 6 அடி 5 அங்குலம்! தெருவில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர் வேடிக்கை பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த மாணவரின் மனமும் அவருக்குத் தெரிந்தது.

"நீ பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும்" என்றார் ஆசிரியை. அரசியல் பாடத்துக்கு அது பெயர் பெற்ற இடம்.

படிப்புச் செலவுக்கு மாநில மறுவாழ்வு இலாகாவிடம் உதவி கேட்டார்கள். "இவரால் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது. பணம் கொடுப்பது வீண்" என்று இலாகா கையை விரித்துவிட்டது.

ஆசிரியை சும்மா இருக்கவில்லை. கல்லூரித் தலைவர்களும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. இலாகா பணிந்தது!

ஆஸ்பத்திரியே விடுதி

பெர்க்லியில் வேறொரு தொல்லை. இது போன்றவர்களை முன்பே சேர்த்துப் பார்த்தோம், சரிப்படவில்லை என்றார் ஓர் அதிகாரி. இரும்பு நுரையீரலோ மாணவர் விடுதி அறைக்குள் நுழையாது.

மாணவர் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். 1962ல் எட் அங்கே குடியேறினார். நோயாளியாக அல்ல, மாணவராக!

செய்தி பரவியது. எட்டைப் போன்ற வேறு சிலரும் வந்தார்கள். சில ஆண்டுகளில் 12 பேர் வரை ஆகிவிட்டார்கள். இவர்களின் முயற்சியால் 1970ல் பல்கலைக்கழகத்தில் தனி உதவி நிலையம் ஏற்பட்டது. துணைக்கு ஆள், தங்க வீடு, சக்கர நாற்காலி பழுது பார்த்தல் என்று எல்லாவற்றுக்கும் அங்கே வழி இருந்தது.

இதற்கிடையில் ஆசிரியை ஜீன் வர்த் வாஷிங்டனுக்குப் போயிருந்தார். மாணவர்கள் பாதியில் படிப்பை விடாமல் தடுக்கும் திட்டம் தயாரிப்பது அவர் வேலை. யோசனை சொல்ல யாரை அழைத்தார்? தம் பழைய மாணவர் எட்டைத்தான்!

மறுத்த இலாகாவுக்கே தலைவர்

1975ல் அந்த அதிசயம் நடந்தது. "இவரால் வேலை பார்க்க முடியாது" என்று சொன்ன அதே மறுவாழ்வு இலாகாவுக்கு எட் ராபர்ட்ஸ் டைரக்டர் ஆனார்! மாநில கவர்னர் ஜெர்ரி பிரவுன் அவரை நியமித்தார். 1983 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1976ல் கலிபோர்னியா சட்டசபை ஒரு சட்டம் கொண்டுவந்தது. சமுதாயக் கல்லூரிகளில் ஊனமுற்ற மாணவர்களுக்கு உதவப் பணம் ஒதுக்கும் சட்டம் அது. 1977ல் மத்திய அரசின் விதிகளும் வந்தன. அவை சும்மா வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ அரசாங்க அலுவலகத்துக்குள் சக்கர நாற்காலிக்காரர்களும், கண் தெரியாதவர்களும், காது கேளாதவர்களும் 3 வாரத்துக்கு மேல் உட்கார்ந்து போராடிய பிறகுதான் வந்தன.

இன்று எப்படி?

கலிபோர்னியாவில் இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்த உதவிக்கென்று தனி அலுவலகம் நடக்கிறது.

எழுத முடியாதவருக்குப் பாடக்குறிப்பு எடுத்துக் கொடுக்கிறார்கள். காது கேளாதவருக்கு அருகில் ஒருவர் நின்று சைகையில் பாடம் சொல்கிறார். கண் தெரியாதவருக்குப் புத்தகம் பிரெய்ல் எழுத்தாகவோ, காதில் கேட்கும் குரலாகவோ மாறுகிறது. மெதுவாகப் படிப்பவருக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு.

ஆனால் ஒன்று. கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். தேர்ச்சி மார்க்கும் ஒன்றுதான். வாசலில் இருக்கும் படியை மாற்றுகிறார்கள், பாடத்தை மாற்றுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பள்ளியில் குழந்தையின் குறையைக் கண்டுபிடிப்பது பள்ளியின் பொறுப்பு. கல்லூரியில் மாணவரே அலுவலகத்துக்குப் போய்த் தமக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும். இங்கேதான் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். வெளியே தெரியாத குறை உள்ளவர்களுக்குத் தயக்கம் இன்னும் அதிகம். எழுத்து தடுமாறுகிறவர், மனநோயுடன் போராடுகிறவர் முதலியோர் "சோம்பேறி" என்ற பெயருக்குப் பயந்து வாய் திறப்பதில்லை. கேட்காதவருக்கு உதவி வருவதில்லை. பாதியில் படிப்பு நின்றுவிடுகிறது.

சட்டம் வந்துவிட்டது. பணமும் வந்துவிட்டது. ஆனால் தயங்கி நிற்கும் மாணவரைப் பார்த்து, "உள்ளே வா, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க இன்றும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

எட் ராபர்ட்ஸ் 1995ல், 56வது வயதில் காலமானார். அவருடைய சக்கர நாற்காலி இப்போது அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த நாற்காலிக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டது பெரிய பல்கலைக்கழகம் அல்ல. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கல்லூரி!