உங்களுக்குத் தெரியுமா? பருத்திக்கும் நாள் பார்க்கணும்!

• தமிழ்நாட்டு இறவைப் பருத்திக்கு இரண்டு பட்டங்கள் முக்கியம். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் விதைப்பு. மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கம் மாசிப் பட்டம். டெல்டாவிலோ, நெல் அறுத்த வயலில் ஜனவரி, பிப்ரவரியில் ஊன்றிவிடுகிறார்கள். அது நெல் தரிசுப் பருத்தி.

• நாள் பார்ப்பது விதைப்புக்காக மட்டுமல்ல, காய் வெடிப்புக்காகவும்தான். வெடித்த காயில் மழை விழுந்தால் பஞ்சில் கறை ஏறும், விலை இறங்கும். வெடிக்காத காய் அழுகிவிடும். ஆவணியில் விதைத்த செடிக்கு ஐப்பசி மழை வளரும் வயதில் கிடைக்கும். தை, மாசி வெயிலில் பஞ்சு எடுக்கலாம்.

• பருத்திப் பூ மலர்ந்த அன்று வெளுத்த நிறம், மறுநாள் இளஞ்சிவப்பு. அந்தப் பூ காயாகி வெடிக்க ஏறத்தாழ 45 முதல் 50 நாள் ஆகும்.

• செடி வைத்த சப்பையெல்லாம், அதாவது பூ மொட்டெல்லாம், காயாவதில்லை. பாதிக்கு மேல் உதிர்வது இயல்பு. பூக்கும் நேரத்தில் தண்ணீரோ சத்தோ குறைந்தால் உதிர்வு இன்னும் கூடும்.

• இறவையில் எக்டேருக்குப் பொதுவான பரிந்துரை: எம்.சி.யு. 5 போன்ற ரகங்களுக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 80:40:40 கிலோ. வீரிய ஒட்டுக்கு 120:60:60. மணிச்சத்து முழுவதும் அடியுரம். வீரிய ஒட்டுக்குத் தழைச்சத்தை அடியுரம், 45ஆம் நாள், 65ஆம் நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். செடிக்குப் பசி அதிகம் எடுப்பது பூவும் காயும் பிடிக்கும் காலத்தில்தான்.

• யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி கருகருவென்று வளரும், காய் பிடிக்காது. தத்துப்பூச்சி தேடி வரும், முதிர்வும் தள்ளிப்போகும். ஏற்கெனவே தாமதமாக விதைத்த வயல் என்றால் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு விருந்துதான்.

• காய் பிடிக்கும்போது இலை சிவக்கிறதா? மக்னீசியம் பற்றாக்குறையாக இருக்கலாம். யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் அதைக் கவனியுங்கள்.

• ரகங்களில் 15ஆம் கணுவுக்கு மேலும், வீரிய ஒட்டில் 20ஆம் கணுவுக்கு மேலும் நுனியைக் கிள்ளிவிட்டால், உயரத்துக்குப் போகும் சத்து காய்க்குத் திரும்பும். இதற்குச் செலவு ஆள் கூலி மட்டுமே.

• 80:40:40 என்பது பொதுக் கணக்கு. உங்கள் வயலின் கணக்கு மண் பரிசோதனையில்தான் தெரியும். அடுத்த பட்டத்துக்கு முன் மண்ணை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.