நடவுப் பாட்டு மேடை ஏறும்போது
சேர்ந்திசைக்கு உழைப்புப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

பள்ளிகளில் கலைத் திருவிழா 2022-23 கல்வியாண்டில் தொடங்கியதிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வந்தவுடன் ஆசிரியர்களிடையே எழும் முதல் கேள்வி, “குழுப்பாட்டுக்கு எந்தப் பாட்டு?” என்பதுதான். பெரும்பாலும் கிராமிய மெட்டில் அமைந்த ஒரு திரைப்பாடல் தேர்வாகிவிடுகிறது. அது தேர்ந்த ஒரு பாடகரின் தனிக்குரலுக்காக அமைக்கப்பட்டது. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் நம் பிள்ளைகள் கத்தத் தொடங்குகிறார்கள். குரல் உடையும் பருவத்து மாணவர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள்.

நான் பணியாற்றும் புவனகிரிப் பகுதி வெள்ளாற்றங்கரை நெல்வயல்களின் நாடு. கிழக்கே பரங்கிப்பேட்டைக் கடற்கரை. நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, வண்டிக்காரர் தெம்மாங்கு, ‘ஏலேலோ’ என்று வரும் படகுப் பாட்டு ஆகிய எல்லாம் இம்மண்ணில் ஒலித்தவை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் குழுவுக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை என்பது என் அனுபவம். ஆனால் தேர்வில் கவனம் வேண்டும். அந்தக் கவனம் இசைக்கு மட்டுமன்று; பாட்டுக்குச் சொந்தக்காரர்களின் மரியாதைக்கும் உரியது.

கௌபாய் பாட்டு சொல்லும் பாடம்

திரைப்படங்களிலும் காமிக்ஸ் புத்தகங்களிலும் நம் மாணவர்கள் பார்த்த கௌபாய், துப்பாக்கி வைத்த குதிரை வீரர். உண்மையில் அவர் கூலிக்கு மாடு ஓட்டியவர். அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியிலிருந்து கான்சாஸ் மாநில ரயில் நிலையங்களுக்கு 1860களின் பிற்பகுதி முதல் மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். இரவில் மாடுகள் மிரண்டு ஓடாமலிருக்க, காவலுக்கு நின்றவர்கள் குதிரையில் மந்தையைச் சுற்றிவந்து மெல்லிய குரலில் பாடினார்கள். அப்பாடல்களை ஜான் லோமாக்ஸ் 1910இல் நூலாக வெளியிட்டார். பின்னாளில் அவை அந்நாட்டுப் பள்ளிகளிலும் சேர்ந்திசைக் குழுக்களிலும் பரவின.

மாடு ஓட்டியவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரரும் கணிசமாக இருந்தனர். பாட்டும் கதையும் மேடைக்கும் திரைக்கும் போனபோது அவர்கள் முகம் மறைந்துபோனது. நம் நடவுப் பாட்டுக்கும் இதே நிலை வரலாம். பட்டுப்பாவாடையும் பளபளப்பான வேட்டியுமாக மேடையில் பாடிக் கைதட்டல் வாங்கிவிட்டு, சேற்றில் நின்று அதைப் பாடியவர் யார் என்று சொல்லாமலேயே இறங்கிவிடுகிறோம்.

முதலில் குரல்

பாடலைத் தேடும் முன், குழுவில் சேரும் ஒவ்வொரு மாணவரையும் தனியாகப் பாடச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் சிலருக்குக் குரல் மாறி முடிந்திருக்கும். சிலருக்குப் பாதியில் நிற்கும். ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் சுருதி வைத்து, மெட்டு மத்திம ஸ்தாயிக்குள் நிற்கும் பாடலை எடுத்தால், மாணவிகளும் குரல் மாறாத மாணவர்களும் ஒரு ஸ்தாயியில் பாட, குரல் மாறியவர்கள் அதையே கீழ் ஸ்தாயியில் பாடலாம். மாற்றத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு நான்கைந்து சுரங்களே வசப்படும். அவர்களை ஒதுக்க வேண்டியதில்லை. ‘ஏலேலோ’, ‘தன்னானே’ போன்ற திரும்ப வரும் பகுதியை அவர்களிடம் கொடுங்கள். உழைப்புப் பாடல்கள் பல சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிவருபவை என்பதால் இது எளிதாகிறது.

அடுத்து வேலையின் நடை

ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் அந்த வேலைதான் முடிவு செய்தது. நாற்று நடும் கை குனிந்து ஊன்றி எடுக்கும் சீரான நடை நடவுப் பாட்டுக்கு உண்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், இடையில் குலவை. ஏற்றப் பாட்டில் சாலின் எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே வரும். ஏற்றக்காரர் பாதியில் நிறுத்திய பாட்டின் அடுத்த அடிக்காகக் கம்பரே காத்திருந்தார் என்று வழங்கும் கதையை மாணவர்களுக்குச் சொல்லலாம். இரவில் வண்டி ஓட்டியவர் பாடும் தெம்மாங்கில் இழுப்பும் நிதானமும் இருக்கும்.

பயிற்சியின் முதல் நாளில் அந்த வேலையின் அசைவைச் செய்துகொண்டே பாடச் சொல்கிறேன். வேகம் தானாக அமைந்துவிடும். கீபோர்டில் பதிந்துள்ள தாளத்தை ஓடவிட்டால் இந்த நடை கெட்டுவிடும்.

மேலை இசையின் பல குரல் அமைப்பை அப்படியே திணிக்கவும் வேண்டாம். ஒருவர் பாடக் குழு திருப்பிப் பாடுவது, ஒரு பிரிவு சட்ஜத்தில் நீட்டி நிற்க மற்றொரு பிரிவு மெட்டைப் பாடுவது, ஒரு சிறு தொடரை ஒரு பிரிவு விடாமல் சொல்லிவருவது என்ற மூன்று முறைகளே பள்ளிக்குப் போதும். தமிழ்ப் பாடல்களை ஆணும் பெண்ணும் பல குரல்களில் சேர்ந்து பாட முடியும் என்பதற்கு எம்.பி.சீனிவாசன் உருவாக்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு நல்ல முன்மாதிரி.

பிறகு சொற்கள்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். நாட்டுப்புறப் பாடல்களில் சாதிப் பெயர்கள் வரும். கறுப்பு நிறத்தை, உடல் குறையைக் கேலி செய்யும் வரிகள் வரும். மாமன் மகளைச் சீண்டும் பாட்டை மாணவர்களும் மாணவிகளும் எதிரெதிரே நின்று பாடினால் அரங்கில் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் முதல் அந்த வரியே ஒரு மாணவியைத் துரத்தும் கிண்டலாகிவிடும். அத்தகைய பாடல்களை நான் எடுப்பதில்லை.

ஆனால் எல்லாக் கேலியும் நீக்கத்தக்கதன்று. கூலி நெல்லைக் குறைத்து அளந்தவரைக் குத்திக்காட்டும் வரி இருந்தால் அதை வைத்துக்கொண்டு, ஏன் அப்படிப் பாடினார்கள் என்று வகுப்பில் பேசலாம். வரலாற்றுப் பாடத்தில் வராத வரலாறு அது. பொருந்தாத அடியை மாற்றி எழுதிப் பழம்பாட்டு என்று சொல்வதைவிட, அந்த அடியை விட்டுவிடுவதே நேர்மை.

ஒரு முறை பயிற்சியின்போது ஒரு மாணவன், “கூலி வேலைக்குப் போறவங்க பாட்டு நமக்கு எதுக்கு டீச்சர்?” என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இடைவேளையில் அவள் என்னிடம் வந்து, “எங்க ஆயாவுக்கு நெறைய பாட்டு தெரியும் டீச்சர். நடவுல அவங்கதான் எடுத்துக் குடுப்பாங்க” என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்த வாரம் அந்த அம்மாவைப் பள்ளிக்கு அழைத்தோம். நாற்காலியில் உட்காரத் தயங்கினார். பாடத் தொடங்கியதும் தயக்கம் போய்விட்டது. மாணவர்கள் தவறாக வாங்கிப் பாடிய இடங்களில் நிறுத்தி, மறுபடி சொல்லிக் கொடுத்தார். கேள்வி கேட்ட மாணவன் மூன்றாம் முறைதான் சரியாகப் பாடினான். “இப்பதான் சரி” என்று அவர் சொன்னபோது அவன் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எல்லாரும் பார்த்தார்கள். அந்த மாணவி அன்று முன்வரிசையில் நின்று பாடினாள்.

எங்கே தேடுவது?

நம் பாடநூலிலேயே தொடங்கலாம். ஏழாம் வகுப்புத் தமிழில் இடம்பெற்ற ‘வயலும் வாழ்வும்’, கி.வா.ஜகந்நாதனின் ‘மலை அருவி’ தொகுப்பில் உள்ளது. ஆறாம் வகுப்பின் ‘கடலோடு விளையாடு’ மீனவர் பாடல். நா.வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ தொகுப்பும் உதவும். நூல்களில் சொற்கள் கிடைக்கும். மெட்டு மனிதர்களிடம்தான் இருக்கிறது. ஏற்றம் போய் மோட்டார் வந்துவிட்டது. நடவுக்கும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. வேலையோடு சேர்ந்து பாட்டும் நிற்கிறது. பாடத் தெரிந்தவர்களோ முதுமையில் இருக்கிறார்கள்.

எனவே, இந்தப் பருவத்தில் ஒரு சிறு வீட்டுப்பாடம் கொடுத்துப் பாருங்கள்: “உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலை செய்யும்போது பாடிய ஒருவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு வாருங்கள்.” அவர்கள் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், என்ன வேலையில் பாடினார் என்ற மூன்றையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால், மேடையில் பாடும் முன் அந்த மூன்று விவரங்களையும் ஒரு மாணவர் அறிவிக்கட்டும். அரை நிமிடம்கூட ஆகாது. பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் ஆயாவுக்கு அது பெரிய மரியாதை. அவர் பேத்திக்கு அதைவிடப் பெரியது.