தங்கும் உரிமை தராமல் கலந்து வாழச் சொன்ன நாடு

ஜெர்மனியில் குடியேறியவர்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் மொழியில் தொடங்கி மதத்தில் போய் முடிகிறது. ஜெர்மன் கற்கவில்லை, தங்கள் தெருக்களை விட்டு வெளியே வருவதில்லை, பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இதற்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் புரட்ட வேண்டியது அந்த நாட்டின் சட்டப் புத்தகத்தைத்தான். ஒரு மனிதரிடம் ‘என்றைக்காவது நீ கிளம்பத்தான் வேண்டும்’ என்று முப்பது நாற்பது ஆண்டுகள் சொல்லிவிட்டு, அவர் ஏன் வேர்விடவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

போருக்குப் பிறகு வேகமெடுத்த தொழில் வளர்ச்சிக்கு ஆள் போதாமல் 1955-இல் இத்தாலியோடும், 1960-இல் ஸ்பெயின், கிரேக்கத்தோடும், 1961 அக்டோபரில் துருக்கியோடும் மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் போட்டது. அந்தக் காலத்தில் சுமார் 1.4 கோடிப் பேர் வந்தார்கள், ஏறத்தாழ 1.1 கோடிப் பேர் திரும்பியும் போனார்கள். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியின்போது, ஆள் எடுப்பதை அரசு நிறுத்தியது. அதன் விளைவு அரசு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்தது. ஊருக்குப் போனால் மறுபடி வர முடியாது என்றானதும், மிச்சமிருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். நேற்றுவரை விடுதியில் கிடந்த தொழிலாளி குடும்பஸ்தராக ஆனார். அப்போதும் அரசின் கணக்கு மாறவில்லை. 1983-இல் ஹெல்முட் கோல் அரசு, குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகச் சம்மதிப்பவருக்கு 10,500 மார்க் தருவதாகச் சட்டம் போட்டது. பவேரியாவில் துருக்கியப் பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்காரவைத்துத் துருக்கி மொழியிலேயே பாடம் நடத்தினார்கள். ஊர் திரும்பும்போது உதவும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. குருதி வழியே குடியுரிமை தரும் 1913-ஆம் ஆண்டுச் சட்டமோ, கொலோனில் பிறந்து வளர்ந்த பிள்ளையையும் வெளிநாட்டவராகவே வைத்திருந்தது.

அதே நாடு இன்னொரு கூட்டத்தை வேறுவிதமாக வரவேற்றது. சோவியத் ஒன்றியம் சிதைந்த காலத்தில் கஜகஸ்தானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஜெர்மன் வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வந்தார்கள். தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள். இளையவர்களில் பலருக்கு ஜெர்மன் வராது, வீட்டில் ரஷ்ய மொழிதான். வந்தவுடன் அவர்களுக்குக் குடியுரிமையும் மொழி வகுப்பும் கிடைத்தன. தொல்லைகள் இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் அவர்களுடைய இளைஞர்களின் குற்றங்கள் பற்றிச் செய்தித்தாள்கள் கவலையோடு எழுதின. இன்று அந்தப் பேச்சே அநேகமாக அடங்கிவிட்டது. தோற்றமும் மதமும் அவர்களுக்கு உதவின என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் முதல் நாளே கையில் கிடைத்த உரிமையை அந்தக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியாது.

குடியுரிமை என்பது முயற்சியின் முடிவில் தர வேண்டிய பரிசு, முன்பணம் அல்ல என்பது முக்கியமான எதிர்வாதம். நன்றாகக் கலந்துவிட்டவர்கள்தான் விண்ணப்பிக்கிறார்கள், ஆகவே குடியுரிமையால் நன்மை விளைந்தது போலத் தோன்றுகிறது என்றும் சொல்கிறார்கள். வலுவான வாதம்தான். பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் இதைச் சோதிக்க ஒரு வழி கிடைத்தது. அங்கே சில ஊராட்சிகளில், விண்ணப்பித்தவருக்குக் குடியுரிமை தரலாமா என்று ஊர்மக்களே ரகசிய வாக்கெடுப்பு நடத்தி முடிவுசெய்து வந்தார்கள். மயிரிழையில் வென்றவர்களும் மயிரிழையில் தோற்றவர்களும் மற்றபடி ஒரே நிலையில் இருந்தவர்கள். ஆண்டுகள் கழித்து இரு சாராரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, வென்றவர்களே அரசியலிலும் சமூக வாழ்விலும் கூடுதலாக ஒன்றியிருந்தார்கள். உரிமை முன்னால் வந்தது, ஒட்டுதல் பின்னால் வந்தது.

உரிமை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஜெர்மனியிலேயே சாட்சி உண்டு. லெபனான் போரிலிருந்து தப்பி பெர்லினுக்கு வந்த குடும்பங்களில் பல, நாடுகடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ‘டுல்டுங்’ சீட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. வேலைக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. அவற்றில் சில குடும்பங்களின் குற்றங்களைக் குலப் பண்பாட்டின் விளைவு என்று பேசுகிறவர்கள், உழைத்துச் சம்பாதிக்கும் வழியைச் சட்டமே அடைத்துவைத்ததையும் சேர்த்துப் பேச வேண்டும். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கே கடந்த ஈழத்தமிழர்களும் அப்படித்தான், வேலைத் தடையோடும் ஆண்டுக்கணக்கான காத்திருப்போடும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஹாம் நகரின் தொழிற்பேட்டைப் பகுதியில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலைப் பிரிந்து வாழ்வதன் அடையாளமாக நான் பார்க்கவில்லை. இனி இதுதான் ஊர் என்று முடிவெடுத்தவர்கள்தான் கோபுரம் எழுப்புவார்கள்.

சட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000 முதல் 2006 வரை நவநாஜிக் குழு ஒன்று, குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றபோது, காவல்துறை பல ஆண்டுகள் கொல்லப்பட்டவர்களின் வீட்டாரையே சந்தேகித்தது. 2020 பிப்ரவரியில் ஹானா நகரில் இனவெறியன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒன்பது பேரில் ஜெர்மன் குடிமக்களும் இருந்தார்கள். கடவுச்சீட்டு அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் நீதி கேட்டுத் தெருவில் நின்ற குடும்பங்கள், விருந்தாளியின் தயக்கத்தோடு பேசவில்லை. தங்கள் நாட்டிடம் கணக்குக் கேட்டார்கள்.

மாற்றம் மெல்ல வந்தது. அங்கே பிறக்கும் வெளிநாட்டவர் பிள்ளைகளில் பலருக்கு 2000 முதல் பிறப்பிலேயே குடியுரிமை கிடைத்தது. 2024 ஜூனில் நடப்புக்கு வந்த சட்டம் காத்திருப்பை ஐந்து ஆண்டாகக் குறைத்து, இரட்டைக் குடியுரிமையையும் ஏற்றது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2,92,000 பேர் குடிமக்களானார்கள். அவர்களில் சிரியர்களே அதிகம். 2015-இல் வந்த அகதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் 2024-இல் வேலையில் இருந்தார்கள். பெண்களின் விகிதம் மிகவும் குறைவு. குழந்தைக் காப்பகப் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம்.

இந்த இடத்தில்தான் பழைய நினைப்பு மறுபடி தலைதூக்குகிறது. 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்த மறுநாளே சிரியர்களின் தஞ்ச விண்ணப்பங்கள் மீதான முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. திரும்பிப் போக விரும்புவோருக்கு விமானமும் ஆயிரம் யூரோவும் தரலாம் என்றார் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஜென்ஸ் ஷ்பான். அவர் அப்படிப் பேசிய வேளையில் ஜெர்மன் மருத்துவமனைகளில் சிரியக் குடியுரிமை கொண்ட மருத்துவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பணியில் இருந்தார்கள். 2025-இல், முழு அகதித் தகுதி இன்றித் துணைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. மனைவியும் பிள்ளைகளும் எப்போது வருவார்கள் என்று தெரியாத ஒருவரிடம் மாலை நேர மொழி வகுப்பில் கவனம் செலுத்தச் சொல்வது கொடுமை. அந்தத் தடையை நீட்டிக்காமல் விடுவதும், வேலையில் நிலைத்துவிட்ட சிரியர்களுக்கு நிரந்தர வதிவிட உரிமையை உறுதி செய்வதும் பெர்லின் அரசு உடனே செய்ய வேண்டியவை.