தறி சற்று மெதுவாக ஓடட்டும்

"மதுரையிலுமா குளிர்?" என்று மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். உண்மைதான். ஊட்டியைப் போல இங்கே உறைபனி விழுவதில்லை. ஜனவரி மாத விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அதுவே குளிர். வைகையின் வடகரையில் உள்ள செல்லூரில், காலையில் தறியில் உட்காருகிறவரைக் கேட்டுப் பாருங்கள். "விரல் மடங்க மாட்டேங்குதுங்க" என்பார்.

செல்லூர் நெசவுக்குப் பேர்போன இடம். இன்று கைத்தறி குறைந்துவிட்டது, விசைத்தறி வந்துவிட்டது. ஆயினும் நெசவாளரின் சிரமம் குறையவில்லை.

குழித்தறியைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் ஒரு குழி இருக்கும். அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் குழியில் ஈரம் ஊறும். கஞ்சி போட்ட பாவு வெயில் இல்லாமல் காயாது. தறி தானாகவே நின்றுவிடும். 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர்த் தெருக்களிலேயே வெள்ளம் புகுந்தது. அப்படியிருக்க, தறிக்குழி எப்படித் தப்பும்?

நெய்தால்தான் கூலி. தறி நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. ஆகவே, மழை விட்டு மார்கழி பிறந்ததும், விட்டதைப் பிடிக்க ஓட்டம் ஆரம்பிக்கிறது. பொங்கல் செலவு வேறு கண்முன் நிற்கிறது. இருட்டோடு எழுந்து, இருட்டிய பிறகும் நெய்கிறார்கள். உடம்பு கெடுவது இங்கேதான்.

காரணம் என்ன? குளிரில் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடம்பின் உஷ்ணம் வெளியே போகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் இதனால் கை கால்களுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, விரல் விறைக்கிறது. இரத்த அழுத்தமும் சற்று ஏறுகிறது. வயதானவர்களும் இதய நோய் உள்ளவர்களும் எழுந்த கையோடு கடும் வேலையில் இறங்குவது ஆபத்து.

பகலும் சுருங்குகிறது. மதுரையில் ஜூன் மாதத்து நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிஷம். டிசம்பர் 21, 22 தேதிகளில் சுமார் 11½ மணிதான். சூரியனே ஒரு மணிக்கு மேல் வேலையைக் குறைத்துக்கொள்கிறது! மனிதன் மட்டும் கூட்டிக்கொள்ளலாமா?

"ஓய்வெடு என்று சொல்வது சுலபம். அடுப்பு எரிய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தறியை நிறுத்தச் சொல்லவில்லை. மெதுவாகத் தொடங்கச் சொல்கிறோம். அவசரத்தில் நூல் அறுந்தால், அதை முடிந்து சேர்க்க எவ்வளவு நேரம் போகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உடம்பும் அப்படியே. ஒரு வாரம் படுத்துவிட்டால், அவசரப்பட்டு மிச்சம் பிடித்த அரைமணி நேரங்களெல்லாம் ஒன்றாகப் போய்விடும்.

செய்யக்கூடியவை சில உண்டு. காலையில் வெதுவெதுப்பான நீரில் கை கால்களை நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். விரல்களையும் தோளையும் சற்று அசைத்துவிட்டு உட்காருங்கள். குழியில் காய்ந்த கோணியை விரித்துக் கால் வையுங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து வெயிலில் நான்கு அடி நடங்கள். குளிரில் தாகம் தெரியாது; ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பனியில் வாசல் தெளித்து, கோலமிட்டு, சமைத்து, பிறகு தாரும் சுற்றுகிறவர்கள் நீங்கள். "முடியவில்லை" என்று சொல்வது குற்றமல்ல. ஒரு நாள் கோலம் சிறியதாக இருந்தால் வாசல் கோபித்துக்கொள்ளாது. "அம்மா, இன்னைக்கு நான் தார் சுத்துறேன்" என்று பிள்ளை முன்வந்தால், அதைவிடக் கதகதப்பான போர்வை எது?

நூல் அறுந்துவிடக் கூடாதே என்று எவ்வளவு பக்குவமாக அதைக் கையாளுகிறோம்! அந்தப் பக்குவத்தில் கொஞ்சம் நம் உடம்புக்கும் காட்டுவோம். தை பிறக்கும்போது வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பதுதானே முதல் பொங்கல்?