சிறப்புப் பள்ளியும் தோலின் நிறமும்

என் தங்கைக்குக் காது சரியாகக் கேட்காது. அவளுக்கு அடையாள அட்டை வாங்க என் தந்தை மூன்று முறை மாவட்டத் தலைநகருக்குப் போய் வந்தார். அட்டை இலவசந்தான், ஆனால் மூன்று நாள் கூலி போயிற்று. நியூயார்க் நகரின் தனியார் சிறப்புப் பள்ளிகளைப் பற்றிப் படித்தபோது அந்த மூன்று நாள் கூலி என் நினைவுக்கு வந்தது.

குறைபாடுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் தகுந்த கல்வியை இலவசமாக அளிக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம். அரசுப் பள்ளி அதில் தவறினால், தனியார் பள்ளிக்குப் பெற்றோர் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்பள்ளிக்கு மாநில அங்கீகாரங்கூடத் தேவையில்லை என்றது 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

தீர்ப்புகளில் நிறபேதம் இல்லை. நடைமுறையைப் பாருங்கள். தனியார் நிபுணரிடம் பல ஆயிரம் டாலர் கொடுத்துக் குழந்தையைச் சோதிக்க வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் வாங்கும் பள்ளிகள் உண்டு. அதை முன்னதாகக் கட்டிவிட்டு, பணம் திரும்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூலிக்காரரால் இது ஆகுமா?

விளைவு கண்கூடு. அந்நகர அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளும் இலத்தீன் அமெரிக்க வழிக் குழந்தைகளும் சேர்ந்து பாதிக்கு மேல். வெள்ளையர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வழக்காடிச் சேரும் தனியார் சிறப்புப் பள்ளிகளிலோ வசதியுள்ள வெள்ளையரின் பங்கு அதைவிட மிகுதி.

இதன் மறுபக்கத்தை அதே நாட்டின் சான்பிரான்சிஸ்கோ நகரில் எழுந்த வழக்கொன்று காட்டியது. அங்கு 1971இல் அரசுப் பள்ளி மாணவரில் கறுப்பினத்தவர் 28.5 விழுக்காடு, மனவளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கிய வகுப்புகளிலோ 66 விழுக்காடு. அவ்வாறு பிரிக்கப் பயன்பட்ட நுண்ணறிவுச் சோதனைகளை 1979இல் நீதிமன்றம் தடுத்தது. ஆக, முத்திரை ஏழைக்கு எளிதில் கிடைத்தது; தரமான உதவி வசதியுள்ளவருக்குக் கிடைத்தது.

கையில் பணமில்லாத பெற்றோருக்காக நகரமே நேரடியாகப் பள்ளிக்குக் கட்டணம் செலுத்துமாறு உத்தரவிடலாம் என்று 2011இல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. கதவு சற்றே திறந்தது. எனினும் முன்பணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை ஏழைத்தாய் தேடித்தான் ஆகவேண்டும்.

நண்பர்களே, ஒரு சட்டம் நல்லதா என்று கேட்கும்போது, அதன் பயனைப் பெற ஓர் ஏழைக்கு எத்தனை நாள் கூலி போகும் என்பதையும் சேர்த்தே கேட்போம்.