தலைமைக்கு வரும் இளைஞர்களே, எதைப் படிக்கிறீர்கள்?



பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்கு வயது பதினொன்று. அந்தச் சிறுவரின் நினைவாற்றலைக் கண்ட நபிகளார், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். வந்து சேரும் கடிதத்தை அயலாரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தால், அவர் உள்ளதை உள்ளபடி படித்தாரா, எழுதச் சொன்னதைத்தான் எழுதினாரா என்பதற்கு உறுதியில்லை. ஜைத் (ரலி) அவர்கள் அரை மாத காலத்திற்குள் அந்த எழுத்தில் தேர்ச்சி பெற்றார்கள் என்று திர்மிதீயில் இடம்பெறும் அறிவிப்பு கூறுகிறது. பின்னாளில் யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் ஷஹீதானபோது, திருமறையை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பை அபூபக்கர் (ரலி) அவர்கள் இவரிடமே ஒப்படைத்தார்கள். இவரைவிட வயதில் மூத்த தோழர்கள் எத்தனையோ பேர் அன்று உயிருடன் இருந்தனர்.

இந்த வரலாற்றைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆயினும் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் வாழும் ஒருவர் இதைக் கேட்கும்போது அதில் தனிப் பொருள் உண்டு. தமிழும் உருதுவும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவீதியில் கலந்து ஒலிக்கும் மண் இது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. சட்டமும் சலுகையும் அலுவலக மொழியும் அத்துடன் மாறிவிடுகின்றன. வீட்டில் உருது பேசி, மதரஸாவில் அரபி ஓதி, பள்ளிக்கூடத்தில் தமிழ் பயின்ற இளைஞர், ஜமாஅத்தின் செயலாளராகவோ முத்தவல்லியாகவோ பொறுப்பேற்றதும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வந்து சேர்கிறது. அதைப் படித்துச் சொல்ல யாரைத் தேடுவார்? எந்தக் கடிதத்திற்காக நபிகளார் ஒரு சிறுவரைப் படிக்க அனுப்பினார்களோ, அதே கடிதம்தான் இன்றும் நம் பள்ளிவாசல் மேசையில் கிடக்கிறது.

நமது மஹல்லாக்களில் இன்று இளைய தலைமுறை பொறுப்புக்கு வரத் தொடங்கியுள்ளது. அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆனால் அவர்களில் பலர் படிப்பது கைப்பேசியில் வரும் பகிர்வுச் செய்திகளை மட்டுமே. யார் எழுதியது, எப்போது எழுதியது, முழுமையானதா, பாதி வெட்டப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. ஒரு தனிமனிதர் இப்படி இருந்தால் இழப்பு அவருடையது. ஒரு தலைவர் இப்படி இருந்தால், அவர் ஒப்பமிடும் நிகாஹ் தஃப்தரிலும், அவர் தீர்த்துவைக்கும் குடும்ப வழக்கிலும், அவர் காக்க வேண்டிய வக்ஃபு நிலத்திலும் அந்த இழப்பு போய்ச் சேரும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? குர்ஆனையும் ஹதீஸையும் ஆலிம்களின் வழிகாட்டுதலோடு படிப்பது எல்லோருக்கும் உரிய கடமை. அதை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தலைமைப் பொறுப்புக்கு வருபவர் அதற்கு மேலாக முதலில் படிக்கத்தக்கது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய கடிதம் என்பேன். நீதி வழங்குவதைப் பற்றிய அந்தக் கடிதம் சில பத்திகளுக்குள் முடிந்துவிடுகிறது. இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) அவர்கள் தமது ‘இஃலாமுல் முவக்கிஈன்’ நூலில் இதற்கு நெடிய விளக்கம் எழுதியுள்ளார்கள். வழக்காடும் இருவரைப் பார்க்கும் பார்வையிலும், அவர்களை அமரவைக்கும் இடத்திலும்கூட வேறுபாடு காட்டலாகாது என்கிறது அக்கடிதம். வலியவன் உன் சார்பை எதிர்பார்க்கும் நிலையும் கூடாது, எளியவன் உன் நீதியில் நம்பிக்கை இழக்கும் நிலையும் கூடாது என்பது அதன் காரணம். நேற்று அளித்த தீர்ப்பு தவறு என்று இன்று தெரிந்தால் உண்மையின் பக்கம் திரும்பத் தயங்க வேண்டாம் என்றும், கோபமும் சலிப்பும் மேலிட்ட நிலையில் விசாரிக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்துகிறது.

இதை நமது ஜமாஅத் பஞ்சாயத்துகளுடன் சற்றே ஒப்பிட்டுப் பாருங்கள். மாமனார் வீட்டார் வந்தால் நாற்காலி. மருமகளின் தந்தை கூலித்தொழிலாளியாக இருந்தால் அவருக்கு வாசற்படி. அந்தப் பெண் சொல்ல வந்ததை அவளது அண்ணன் சொல்ல, அண்ணன் சொன்னதைக் கமிட்டி உறுப்பினர் சுருக்க, இறுதியில் எழுதப்படுவது யாருடைய வாக்குமூலம்? இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை மாதத்திற்கு ஒருமுறை கமிட்டிக் கூட்டத்தில் உரக்கப் படித்தாலே எத்தனையோ வீடுகளின் கண்ணீர் குறையும்.

உருது வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் பகுதியில் நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கு மௌலானா ஷிப்லீ நுஃமானீ எழுதிய ‘அல்ஃபாரூக்’ ஒரு பொக்கிஷம். உமர் (ரலி) அவர்களின் வீரத்தை மட்டும் பேசி நிற்காமல், அவர்கள் ஆட்சியில் நிதி, நீதி, படை, மாகாண நிர்வாகம் எவ்வாறு நடந்தன என்று துறைவாரியாக விளக்கும் நூல் அது. அதற்கான ஆதாரங்களைத் தேடி ஷிப்லீ அவர்கள் 1892 இல் துருக்கி, சிரியா, எகிப்து ஆகிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள நூலகங்களில் அமர்ந்தார்கள். உருது தெரியாதவர்களுக்குத் தமிழில் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் தொகுத்த ‘இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்’ உண்டு. தனியொரு மனிதரின் உழைப்பில் எழுந்த அத்தொகுதிகள் பல பள்ளிவாசல் அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே பல இடங்களில் தெரியாது!

இந்த மண்ணுக்கும் நூல்களுக்கும் ஒரு பழைய உறவு இருந்தது. பாரமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரிப் பகுதி 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போகும்வரை மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. திப்பு சுல்தான் 1799 இல் வீழ்ந்தபோது அவரது அரண்மனையில் ஏறத்தாழ 2000 நூல்கள் கிடைத்தன. சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் அவற்றிற்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்து 1809 இல் வெளியிட்டார். தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ், வரலாறு, மருத்துவம், வானியல், கவிதை எனப் பல துறைகள் அதில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி கடப்பை, சவனூர், கர்நாடகப் போர்களில் வந்து சேர்ந்தவை என்றும் அவர் எழுதியுள்ளார். அதையும் மறைக்காமல் அறிந்துகொள்வதே வரலாறு. திப்புவின் வாளைப் பற்றி மேடையில் முழங்குவோர் அந்தப் பட்டியலையும் ஒருமுறை புரட்டட்டும்.

பாரமகாலைக் கைப்பற்றியதும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்பவரையும், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவையும் அனுப்பி நிலத்தை அளந்து எழுதியது. யார் நிலம், என்ன விளைச்சல், எது இனாம் என்றெல்லாம் பதிவு செய்தது. ‘பாரமகால் ஆவணங்கள்’ எனப் பின்னர் அவை அச்சிலும் வந்தன. அதன்பின் 1858 இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டு, பள்ளிவாசல், தர்கா, கோயில் ஆகியவற்றின் மானிய நிலங்கள் விசாரிக்கப்பட்டு, இனாம் பதிவேடுகளில் ஏறின. இன்று ஒரு வக்ஃபு நிலத்திற்கு வழக்கு வந்தால் நீதிமன்றம் ஆவலோடு பார்ப்பது இந்தப் பதிவேட்டையே. நம் பாட்டனார்கள் தானமாக எழுதிவைத்த நிலத்தை அந்நிய ஆட்சியாளரின் எழுத்தர் பதிவுசெய்து வைத்தார். அதைப் படிக்க நமக்கு ஆளில்லை என்றால் என்ன சொல்வது?

ஆகவே, இளம் பொறுப்பாளர்களே, உங்கள் வாசிப்பில் சட்டநூல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 1995 ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் 2013 இல் ஒருமுறை திருத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் மீண்டும் பெருமளவில் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தங்களில் சிலவற்றை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று இடைக்காலமாக நிறுத்திவைத்தது. இதைப் பற்றி ஆயிரம் உரைகள் கேட்டிருப்போம். சட்டத்தின் வாசகத்தை எத்தனை முத்தவல்லிகள் படித்தார்கள்? நீண்டகாலப் பயன்பாட்டை மட்டுமே ஆதாரமாகக் கொண்ட வக்ஃபுகளில், திருத்தச் சட்டம் வருவதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டவைக்குத்தான் அந்தத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது. அவற்றிலும் தகராறுக்கு உட்பட்டவையும் அரசு நிலம் எனப்படுபவையும் விலக்கு. இதன் பொருள், பதிவுத்தாளைத் தேடி எடுப்பதே இப்போது முதல் வேலை என்பதாகும். ஆண்டுக் கணக்கை வாரியத்திற்குத் தாக்கல் செய்யும் கடமை 1995 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அதை முறையாகச் செய்துவந்த ஜமாஅத்துகள் இன்று அச்சமின்றி நிற்கின்றன.

அதுபோலவே 2009 ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம். எந்த மதத்தவர் ஆயினும் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது அது. தஃப்தரில் எழுதியாயிற்று என்று இருந்துவிட்டு, மணமகன் வெளிநாடு செல்லும் நாளில் அலைவது நம்மவர் வழக்கமாகிவிட்டது.

ஓசூரின் நிலைமை தனி. 1970 களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகள் எழுந்தன. இன்று மின்வாகனமும் மின்னணுப் பொருளும் இம்மாவட்டத்தில் உற்பத்தியாகின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை அறையில் தங்கி ஷிஃப்ட் வேலை பார்க்கும் முஸ்லிம் இளைஞர்களின் பெயர் எந்த ஜமாஅத் பதிவேட்டிலும் இல்லை. ஒருவருக்கு விபத்து நேர்ந்தால்தான் இவர் யார் என்ற கேள்வியே எழுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்ட தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உரிமை உண்டு என்பதையும், 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன என்பதையும் அந்த மஹல்லாவின் தலைவர் அறிந்திருக்க வேண்டாமா? பயான் கேட்க வரும் அந்த இளைஞருக்கு இதுவும் சேர்ந்ததுதான் கித்மத்.

சச்சார் குழு அறிக்கையைக் குறிப்பிடாத மேடை இல்லை. 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த அறிக்கை, 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 சதவீதம், நாட்டின் சராசரி 65.1 சதவீதம் என்று காட்டியது. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் முஸ்லிம்கள் 3 சதவீதமே என்றது. இவை உண்மை. ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைவிடக் கூடுதலாக இருந்தது என்பதை நம்மில் பலர் சொல்வதில்லை. மதரஸாவுக்குச் செல்லும் முஸ்லிம் பிள்ளைகள் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே என்றும் அதே அறிக்கை கூறுகிறது. அதுவும் மேடைக்கு வருவதில்லை. அழுவதற்கு மட்டும் புள்ளிவிவரம் தேடுபவர் தலைவராக முடியாது. உங்கள் மஹல்லாவில் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்? பி.சி.எம். எனப்படும் 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளதே, அதற்கான சாதிச் சான்றிதழை எடுக்காத குடும்பங்கள் எத்தனை? அந்தப் பட்டியலில் தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், லெப்பை, தூதேகுலா முதலிய ஏழு பிரிவுகள் உள்ளன. பெங்களூரில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு இங்கே கல்லூரியில் சேர வரும் பிள்ளைக்கு எந்த மாநிலச் சான்று செல்லும் என்ற குழப்பம் எல்லையோரத்தில் அன்றாடம் எழக்கூடியது. அதற்கு விடை அரசாணையில்தான் இருக்கிறது.

ஆதர்சத்திற்கு யாரைப் பார்ப்பது? காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (1896 – 1972) அவர்களின் எளிமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய வாதங்களை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 1948 நவம்பர் 23 அன்று பொதுச் சிவில் சட்டம் பற்றிய விதி விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற திருத்தத்தை அவர்கள் முன்மொழிந்தார்கள். எதிர்த்தரப்பின் வாதங்களும் அந்தப் பக்கங்களிலேயே உள்ளன. டாக்டர் அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. எனினும் தொடக்கத்தில் விரும்புவோருக்கு மட்டும் பொருந்தும்படி அச்சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாம் என்று பதிலுரைத்தார். இரு தரப்பும் எவ்வளவு கண்ணியத்தோடு பேசின என்பதைப் படித்தவர், இன்றைய தொலைக்காட்சி விவாதத்தைப் பின்பற்ற மாட்டார். திருத்தம் தோற்றது. இஸ்மாயில் சாஹிப் சோர்ந்துவிடவில்லை. பின்னர் மக்களவைக்கு மூன்று முறை மஞ்சேரியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

கடல் கடந்து இலங்கையில் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இருந்தார்கள். சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். பதவியில் இருந்தபடியே 1945 இல் ஏழை மாணவர்களுக்காக முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்கள். 1948 இல் அந்த உயர்பதவியையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார்கள். ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற அவர்களது நூல் கிடைத்தால் விடாதீர்கள்.

நமது பக்கத்திலேயே வாணியம்பாடி இருக்கிறது. அங்குள்ள இஸ்லாமியாக் கல்லூரி 1919 இல் தொடங்கியது. உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் 1924 இல். தோல் வணிகம் செய்தவர்கள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைக் கல்விக்கு ஒதுக்கியதால் எழுந்தவை அவை. ஓசூரில் தொழில் நடத்தும் நம்மவர்கள் ஒரு நாள் அங்கு போய்வரலாம்.

பெண்களை இந்தப் பேச்சில் விட்டுவிடுவது நமது பழக்கம். ஷிஃபா பின்த் அப்தில்லாஹ் (ரலி) என்ற பெண்மணி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார்கள். ஜைத் (ரலி) அவர்கள் ஒன்றுதிரட்டிய திருமறைப் பிரதி அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் எவர் பாதுகாப்பில் இருந்தது? அதே ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்தான். மஹல்லா நூலகத்தில் பெண்களுக்கென ஒரு நேரம் ஒதுக்க இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

நூல்கள் வாங்கப் பணமில்லை என்று யாரும் கூற வேண்டாம். 1948 இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் செலுத்தும் சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. மாவட்ட மைய நூலகம் நமது காசில்தான் நடக்கிறது. இஷா தொழுகைக்குப் பின் வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் போதும். முதல் மாதம் உமர் (ரலி) அவர்களின் கடிதம். அடுத்த மாதம் வக்ஃபு சட்டத்தில் முத்தவல்லியின் கடமைகளைக் கூறும் பிரிவுகள். அதற்கடுத்து அரசியல் நிர்ணய சபையின் அந்த ஒரு நாள் விவாதம். ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். உருது அறிந்தவர் உருதுவில் விளக்கட்டும், தமிழறிந்தவர் தமிழில். இடையில் ஒரு நாள், உங்கள் பள்ளிவாசல் நிலத்தின் இனாம் பதிவேட்டு நகலுக்கு ஒரு மனு எழுதுங்கள். பொறுப்பேற்க வந்திருக்கும் இளைஞர்களில் ஆக இளையவர் எவரோ, அவர் கையால் அது எழுதப்படட்டும்.