காந்தக் கோடுகள் அறுந்து கூடும் இடம்

புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், அது ஏறக்குறையக் கிடையாக வடக்கு நோக்கி நிற்கும். காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமே செல்வதால், பூமியின் காந்தப்புலம் இங்கே தரையை ஒட்டி ஓடுகிறது. 2024 மே 10, 11 தேதிகளில் அந்தப் புலம் சுமார் ஒரு சதவீதம் வலுவிழந்தது. ஊசியில் தெரியாது, காந்தமானியில் நன்றாகத் தெரியும். அந்த இரவில் லடாக்கின் ஹான்லேயில் வானமே சிவந்தது.

இரண்டுக்கும் காரணம் சூரியன்தான். அதிலிருந்து வரும் பிளாஸ்மா, அதாவது மின்துகள்களாகப் பிரிந்த வாயு, தன்னோடு காந்தப்புலத்தையும் சுமந்து வரும். அந்தப் புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்துக்கு நேர் எதிர். (பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் ஆதித்யா எல்-1 விண்கலம் இந்தத் திசையையும் அளக்கிறது.) இரண்டும் நெருங்கும் இடத்தில் கோடுகள் அறுந்து, ஒன்றின் முனை மற்றதோடு சேர்கிறது, தேங்கிய காந்த ஆற்றல் துகள்களின் வேகமாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. இதுவே காந்த மறுஇணைப்பு. பூமியின் காந்தக் கவசம் இப்படித்தான் திறக்கிறது என்று 1961இல் ஜேம்ஸ் டஞ்சி சொன்னார்.

புதிர் மறுஇணைப்பின் வேகத்தில் இருந்தது. பிளாஸ்மாவை வெறும் திரவமாகக் கொண்ட பழைய கணக்குப்படி, இதே மறுஇணைப்பால் எழும் ஒரு சூரியச் சுடர் வெடிக்க மாதங்கள் ஆக வேண்டும், ஆனால் நிமிடங்களில் வெடிக்கிறது. 2001இல் முடிவுகள் வெளியான ‘ஜெம்’ சவாலில், பல குழுக்கள் ஒரே தொடக்க நிலையை வெவ்வேறு முறைகளில் கணினியில் நடத்திப் பார்த்தன. திரவ மாதிரி மந்தமாகவே நகர்ந்தது. கனத்த அயனியும் லேசான எலக்ட்ரானும் தனித்தனியே ஓடும் ‘ஹால்’ விளைவைச் சேர்த்த மாதிரிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே விரைவைக் காட்டின. அது மட்டுமே காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்தது ஜெம் சவாலின் இந்த முடிவுதான்.

மிக நுணுக்கமான முறை, துகள்களையே பின்தொடர்வது. கோடிக்கணக்கான மாதிரித் துகள்களைக் கட்டங்களுக்குள் விட்டு, புலம் துகளை எப்படித் தள்ளுகிறது, நகர்ந்த துகள் புலத்தை எப்படி மாற்றுகிறது என்று மாறி மாறிக் கணக்கிட வேண்டும். புரோட்டான் எலக்ட்ரானைவிட 1,836 மடங்கு கனம். அதை அப்படியே வைத்தால் கணக்கு தாங்காது. எனவே பலர் 100 என்றோ, ஜெம் சவாலைப் போல 25 என்றோ குறைத்துக்கொள்கிறார்கள். வண்ணப் படங்களைப் பார்த்து வியக்கும் முன் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

இத்தனை சமரசத்துக்கும் பிறகு கணினி ஒன்றை முன்கூட்டியே சொன்னது: மறுஇணைப்பின் மையத்தருகே எலக்ட்ரான்களின் வேகங்களை வரைந்தால் பிறை வடிவம் வரும். 2015 அக்டோபர் 16 அன்று நாசாவின் நான்கு எம்எம்எஸ் விண்கலங்கள், சில கிலோமீட்டரே தடித்த அந்த இடத்தைக் கடந்தன. அவை அனுப்பிய அளவீடுகளில் பிறை இருந்தது.